தலைக்குள் ஓடும் தண்ணீர்

சின்னமனூர் பவானிக்கு எலி என்றாலே ஆகாது. கல்யாணமாகி வந்த புதிதில், வாடகை வீட்டு அரிசிமூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு பெருச்சாளி எட்டிப் பார்த்ததற்கே கட்டில்மேல் ஏறி நின்று தெருவைக் கூட்டியவள். அப்படிப்பட்டவள் எலி வளர்க்கும் வேலைக்குப் போகப் போகிறேன் என்று வந்து நின்றதும், அவள் கணவன் சுரேஷ்கண்ணனுக்குச் சோறு புரையேறிவிட்டது. அவன் தேனிப் பக்கத்துப் பள்ளத்தாக்கு முழுக்க வாழைத்தார் ஏற்றி இறக்கும் சரக்கு வண்டி ஓட்டுகிறவன்.

"ஏத்தா, எலிக்கு நீ தீனி போடப் போறியா, இல்ல எலி உன்னயக் கட்டில்ல ஏத்தப் போகுதா?"

"சிரிக்காதீக. சுத்தமான எலியாம். வெள்ளவெளேர்னு இருக்குமாம். நம்மளவிட அதுகளத்தான் நல்லாப் பாத்துக்கிறாகளாம்."

அதுவரை பவானி ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைக் கொட்டகையில் இருந்தாள். கொத்தைத் தூக்கிப் பிடித்து, அழுகலையும் வெம்பலையும் சின்னக் கத்தரியால் நறுக்கி எடுத்துவிட்டுப் பெட்டியில் அடுக்குகிற வேலை. பக்கத்துப் பழத்தின் தோலில் கீறல் படாமல் செய்ய அவளுக்குக் கை பழகியிருந்தது. அந்த வருஷம் மழை காலம் தப்பிப் பெய்து பழமெல்லாம் கொடியிலேயே வெடித்துப்போக, கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள். தேனியிலிருந்து போடி போகிற வழியில், மலையடிவாரத்து ஆராய்ச்சி நிலையத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லப் போனாள். பன்னிரண்டாவதில் அறிவியல் பிரிவு எடுத்திருந்ததால் வேலை கிடைத்தது.

குளித்து, அவர்கள் கொடுத்த உடுப்பை மாட்டி, தலைக்கும் வாய்க்கும் உறை போட்டு, செருப்பு மாற்றித்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே குளிர்ந்த காற்று. ஆவியில் வேகவைத்து ஆறவைத்த நெல் உமியின் வாசம். விளக்குகள் தாமாக எரிந்து தாமாக அணைந்தன. அந்த எலிகளுக்கு விடிவதும் அடைவதும் அங்கே ஒரு சுவிட்சுக்குள்தான் இருந்தது. முதல் எலியைக் கையில் வாங்கியபோது பவானி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு திராட்சைக் கொத்தின் கனம்தான். ஆனால் வெதுவெதுப்பாக இருந்தது. அதன் நெஞ்சு அவள் விரல்நுனியில் படபடவென்று அடித்தது. 'என்னயவிட இது பயந்து கெடக்கு' என்று தோன்றியதும் அவளுக்குப் பயம் விட்டுப்போயிற்று.

அந்த எலிகளுக்குப் பொறுப்பான விஞ்ஞானியின் பெயர் ஜெபஷீலா. தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். கால்நடை மருத்துவம் படித்து, வெளிநாட்டில் மேற்படிப்பு முடித்துத் திரும்பியவர். அதிகம் பேசமாட்டார், கேட்டால் மட்டும், கேட்டவர் புரிந்துகொள்ளும்வரை விடமாட்டார்.

பவானி பொறுப்பில் ஒரு தாய் எலி குட்டி போட்டது. விரல் நீளம்கூட இல்லாத, ரோமம் முளைக்காத இளஞ்சிவப்புக் குட்டிகள். சில நாளில் அவற்றில் இரண்டுக்கு மட்டும் தலை மேலெழுந்து வருவதைக் கவனித்தாள். நெற்றி குடம்போல் புடைத்து, தோல் இழுத்துக் கட்டியதுபோல் பளபளத்தது. மற்றவை பால் குடிக்க முண்டியடிக்கையில் இவை இரண்டும் தலையைத் தூக்க முடியாமல் ஒருபக்கம் சாய்ந்து கிடந்தன. பவானி ஜெபஷீலாவின் அறைக்கு ஓடினாள்.

"மேடம், நான் எதுவும் தப்பாத் தீனி போட்டுட்டேனா?"

"நீங்க ஒண்ணும் பண்ணல பவானி. இந்த எலிக் குடும்பத்துக்கே இது பொறப்புல வர்ற நோவு. மூளைக்குள்ள தண்ணி கோத்துக்கும். ஒவ்வொரு ஈத்துலயும் சில குட்டிகளுக்கு வரும். அதுக்காகத்தான் இதுகள வளக்குறோம்."

"நோவு வரணும்னே வளக்குறோமா?"

"ஆமா" என்றார் ஜெபஷீலா. "அத மூடிமறைச்சுப் பேச முடியாது."

பவானி அன்று வீட்டுக்குப் போய் அடுப்புப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். திராட்சையில் அழுகலை வெட்டி எறிகிற வேலை பார்த்தவளுக்கு, அழுகலை வளர்க்கிற வேலையா என்று மனசு கிடந்து உழன்றது. காலையில் போய், வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொன்னாள். ஜெபஷீலா தடுக்கவில்லை. "போறதுக்கு முன்னால ஒண்ணு பாத்துட்டுப் போங்க" என்று நுண்ணோக்கி இருந்த அறைக்கு அழைத்துப்போனார்.

"மூளைக்கு நடுவுல அறை அறையா இருக்கு பவானி. அங்கனதான் தண்ணி ஊறுது. கெணத்துல ஊத்து மாதிரி, நிக்காம. நமக்குன்னா ஒரு நாளைக்கு அரை லிட்டர்கிட்ட ஊறும். அது ஊசித் துவாரம் மாதிரி ஒரு வாய்க்கா வழியா எறங்கி, மூளைய வெளியில சுத்தி வந்து, ரத்தத்துல கலந்துரும். அந்த வாய்க்கா அடைச்சுக்கிட்டா என்னாகும்?"

"தண்ணி நின்னு ஏறும்."

"ஏறி, மூளையத்தான் அமுக்கும். மண்டை எலும்பு இன்னும் கூடாத சின்னப் பிள்ளைன்னா தலையே பெருத்துரும்."

பவானிக்கு ஒரு சந்தேகம். "இப்ப நம்ம தலைக்குள்ளயும் ஓடுதா மேடம்? பேசிக்கிட்டு இருக்கையிலயே?"

"இந்த நிமிஷமும் ஓடுது."

தன்னையறியாமல் பவானியின் கை தலையுறைக்கு மேலே போய்த் தொட்டது. இத்தனை வருஷமாகச் சுமந்து திரிந்த தலை. எண்ணெய் தேய்த்திருக்கிறாள், பேன் பார்த்திருக்கிறாள், மூட்டை சுமந்திருக்கிறாள். உள்ளே ஓர் ஊற்று ஊறிக்கொண்டிருப்பது தெரியாமலே இருந்திருக்கிறாள்.

ஜெபஷீலா நுண்ணோக்கியைச் சரிசெய்து அவளைக் குனியச் சொன்னார். அன்று காலை உயிர் போன, நோவில்லாத ஓர் எலியின் மூளையிலிருந்து எடுத்த மெல்லிய சீவல் அது என்றார். தண்ணீர் ஊறும் அந்த மூளை அறையின் சுவர்த் துண்டு, ஊட்டநீரில் மிதந்துகொண்டிருந்தது. முதலில் சாம்பல் மூட்டம்தான் தெரிந்தது. பிறகு ஜெபஷீலா ஏதோ ஒரு திருகைத் தொட, மூட்டம் விலகியது.

பவானி கண்ணை இன்னும் நெருக்கி ஒட்டிக்கொண்டாள்.

சுவர் முழுக்க மயிர். கண்ணுக்குத் தெரியாத, நெருக்கி நட்ட மயிரிழைகள். அத்தனையும் அசைந்துகொண்டிருந்தன. கண்டபடிக்கு அல்ல, குச்சனூர் வயலில் மேல்காற்று இறங்கும்போது நெற்பயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, அலை அலையாக ஓடுமே, அப்படி. எல்லாம் ஒரே திசைக்கு. அலையில் அகப்பட்ட ஒரு தூசு கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோகப்படுவதுபோல் நகர்ந்து, பார்வைக்கு வெளியே போயிற்று.

"மேடம்... உசிரு போயிருச்சுன்னீங்களே?"

"எலிக்குப் போயிருச்சு. இதுகளுக்கு இன்னும் தெரியாது. தண்ணியத் தள்ளிக்கிட்டே இருக்கு."

"யாரு சொல்லிக் குடுத்தாக இதுகளுக்கு?"

ஜெபஷீலா சிரித்தார். "அதத்தான் நானும் இத்தன வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

பவானி நெடுநேரம் நிமிரவில்லை. கழுத்து வலித்தது, அப்போதும் நிமிரவில்லை. கோயிலில் திரை விலகும்போது கூட்டத்தில் நின்று எட்டி எட்டிப் பார்த்தும் கிடைக்காத ஒன்று, இங்கே ஆளில்லாத அறையில், ஒரு எலியின் தலைக்குள் இருந்து அவளுக்குக் கிடைத்தாற்போல் இருந்தது. வேலையை விடுவதைப் பற்றி அதன்பிறகு அவள் பேச்செடுக்கவில்லை.

அந்த வருஷம் ஜெபஷீலா செய்த ஆராய்ச்சி இதுதான்: தலை பெருத்த குட்டிகளில் சிலவற்றுக்குத் தலைத்தோலுக்கு அடியில் மிளகளவு ஒரு குமிழ் பொருத்துவார். அதில் மயிரிழை ஊசி செலுத்தி, தேங்கிய நீரைச் சொட்டுச் சொட்டாக எடுப்பார். சில குட்டிகளுக்குச் சீக்கிரமே, சிலவற்றுக்குத் தாமதித்து. எந்தக் குட்டி எப்படித் தேறுகிறது என்று பார்ப்பார். வலி தெரியாமலிருக்க மருந்து உண்டு. ஒரு அளவுக்குமேல் துன்பப்படும் குட்டியை அப்படியே விட்டுவைக்கக் கூடாது என்று கண்டிப்பான விதியும் உண்டு. தலை தூக்க முடியாதவற்றுக்குத் தீனியை நீரில் குழைத்துக் கீழேயே வைப்பதும், பின்தங்கியதைத் தாயின் மடியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், எடை பார்ப்பதும் பவானியின் பொறுப்பு. கட்டில்மேல் ஏறி நின்றவள், இப்போது உள்ளங்கையைக் குவித்து அதில் ஒரு குட்டியை வைத்துக்கொண்டு, ஊசி முடியும்வரை மூச்சை அடக்கி நிற்பாள்.

ஸ்கேன் திரையில் குட்டியின் தலை தெரியும். நீர் இருக்குமிடம் கறுப்பு. பெருத்த குட்டிக்குத் தலை முழுக்கக் கறுப்பாக, இரண்டு பக்கமும் சிறகு விரித்ததுபோல் இருக்கும். மூளை எங்கே என்று தேட வேண்டும். ஓரமாக, வெங்காயச் சருகு கனத்துக்கு ஒரு சாம்பல் கோடு. அவ்வளவுதான் மிச்சம்.

"இது இனி எங்க மேடம் பொழைக்க" என்றாள் பவானி, முதல்முறை பார்த்தபோது.

நீர் எடுக்க எடுக்க, வாரங்கள் போகப் போக, அந்தச் சருகு தடித்தது. கறுப்பு சுருங்கி, சாம்பல் நிறம் கரையிலிருந்து உள்ளே ஏறி வந்தது, கோடையில் கண்மாய் வற்ற வற்றத் தரை தெரிவதுபோல. ஜெபஷீலா பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பவானி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இது செத்துப்போகலையா? அமுங்கித்தான் கெடந்துச்சா?"

"அமுங்கிக் கெடந்துச்சு. எடம் கெடச்சதும் எந்திரிக்குது."

ஆனால் எல்லாக் குட்டிக்கும் அப்படி அமையவில்லை. சீக்கிரம் நீர் எடுத்தவை குறுகலான பலகைமேல் தடுமாறாமல் நடந்தன. தாமதித்து எடுத்தவற்றுக்கும் மூளை ஓரளவு தடித்தது. ஆனால் நடை சேரவில்லை. பாதிப் பலகையில் சுற்றிச் சுற்றி நின்றுவிடும், போன வழி மறந்ததுபோல. இடம் கிடைத்தாலும் காலம் தவறினால் எல்லாம் திரும்பி வருவதில்லை என்பதை பவானி அந்தப் பலகையில் பார்த்தாள். அது அவள் மனசில் ஆணியடித்தாற்போல் இறங்கிவிட்டது.

ஆராய்ச்சி முடிந்த அன்று எல்லாவற்றையும் மருந்து கொடுத்துத் தூங்கவைக்க வேண்டியிருந்தது. மூளையை எடுத்து உள்ளே என்ன நடந்தது என்று பார்த்தால்தான் கணக்கு முடியும். பலகையில் எல்லாவற்றுக்கும் முந்தி ஓடுகிற ஒன்றை எடுத்துக்கொண்டு பவானி வாசலிலேயே நின்றாள்.

"இத மட்டும் விட்டுறக் கூடாதா மேடம்? இது நல்லாயிருச்சே."

"எப்படி நல்லாச்சுன்னு அதுகிட்டதான் கேக்க முடியும் பவானி. வேற யாருக்கும் தெரியாது." ஜெபஷீலா கையை நீட்டினார். "நீங்க வெளியில இருங்க. நான் பாத்துக்கிறேன்."

"இல்ல மேடம். எங்கையிலயே இருக்கட்டும். பழகுன கை."

அது தூங்கும்வரை அவள் கையிலேயே இருந்தது.

அதற்கடுத்த தை மாதம் சுரேஷ்கண்ணனின் தங்கை மகாலட்சுமியின் பிள்ளைக்கு முடியிறக்கம் வைத்தார்கள். மகாலட்சுமியைக் கட்டிக்கொடுத்திருந்தது குச்சனூரில். அவள் கணவன் ஈஸ்வரபாண்டி நெல்லும் வாழையும் போடுகிற விவசாயி. கோபம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவான் என்று ஊரில் சொல்வார்கள். பல வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை விஷால். ஒன்பதாம் மாதம் ஆகியும் உட்காரவில்லை. கழுத்து நிற்பதே பாடாக இருந்தது. "தலை கொஞ்சம் பெருசு, அவுக அப்பா வழி. அறிவு கனக்குது" என்று எல்லாரும் சிரித்துப் பேசினார்கள். சுருட்டை முடி அடர்ந்து கிடந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

குலதெய்வக் கோயில் மயிலாடும்பாறை தாண்டி, மலை ஓரத்தில். பொங்கல் பொங்கி, கிடா நின்று, மைக்செட் பாடிக்கொண்டிருந்தது. தாய்மாமன் மடி என்பதால் சுரேஷ்கண்ணன் புது வேட்டி கட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை வாங்கிக்கொண்டான். சவரத் தொழிலாளி கத்தியை ஓட்டினார். முடி கற்றை கற்றையாக விழுந்தது. மழித்து முடித்ததும், சந்தனம் பூசுவது மாமன் பெண்டாட்டியின் முறை. பவானி கிண்ணத்தை எடுத்துக் குனிந்தாள்.

உள்ளங்கை தலையில் பட்டதும் அவள் கை நின்றுவிட்டது.

நெற்றி குடம்போல் முன்னுக்கு வந்திருந்தது. தோல் இழுபட்டுப் பளபளத்தது; பச்சை நரம்புகள் வேர்போல் ஓடின. உச்சிக்குழி குழியாகவே இல்லை. பிள்ளை அழாமல் சும்மா இருக்கையிலும் காற்றடைத்த பந்துபோல் விண்ணென்று நின்றது. அந்தத் தோலின் வழவழப்பு பவானியின் விரல்களுக்குத் தெரியும். நாள்தோறும் தொட்டது. அளவுதான் வேறு.

"பூசுத்தா, என்ன யோசன?" என்றான் சுரேஷ்கண்ணன்.

பூசினாள். சந்தனம் பிள்ளையின் காதில் வழிந்தது. அப்புறம் மகாலட்சுமியைத் தனியாக ஒரு வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போனாள்.

"மகா, நான் சொல்றத வெறுப்பாக் கேக்காத. பிள்ளைய உடனே ஒரு டாக்டர்கிட்டக் காட்டணும். தலைக்குள்ள தண்ணி கோத்திருக்குமோன்னு நெனைக்கிறேன்."

"என்ன மதினி, நல்ல நாளும் அதுவுமா..."

"நாங்க வளக்குற எலிக்குட்டிகளுக்கு இப்படித்தான் இருக்கும். அச்சு அசல் இப்படியே. தள்ளிப்போட்டா..."

பின்னாலேயே ஈஸ்வரபாண்டி நின்றது அவளுக்குத் தெரியாது.

"என்ன சொன்ன தங்கச்சி? இன்னொரு தடவ சொல்லு." அவன் குரலுக்குப் பந்தலே திரும்பிப் பார்த்தது. "எலியும் எம்மகனும் ஒண்ணா? சாமி முன்னால வச்சு எம்பிள்ளைய எலிங்கிறியா?"

"அண்ணே, நான் அப்படிச் சொல்லல..."

"மச்சான்! உங்க வீட்டம்மா எலி மேய்க்கப் போனதுல புத்தியும் எலிப் புத்தியாப் போச்சு. கூட்டிட்டுப் போயிருங்க. நான் ஒண்ணு சொல்றதுக்குள்ள போயிருங்க."

பந்தி போடும் முன்பே வண்டி கிளம்பிற்று. மகாலட்சுமி மரத்தடியிலேயே அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். மயிலாடும்பாறை தாண்டியதும் சுரேஷ்கண்ணன் கேட்டான்.

"நீ கண்டது நெசந்தானா?"

"பொய்யாப் போச்சுன்னா என்னயவிடச் சந்தோசப்படுற ஆளு இருக்க மாட்டாக. நெசமா இருந்து நான் வாய மூடியிருந்தா, அந்தப் பாவத்த எங்கன கொண்டு போய்க் கொட்டுறது?"

மறுநாள் அவள் அலைபேசியில் எடுத்திருந்த முடியிறக்கப் படத்தை ஜெபஷீலாவிடம் காட்டினாள். ஜெபஷீலா படத்தைப் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தார்.

"நான் மனுஷங்களுக்கு டாக்டர் இல்ல பவானி. போட்டோ பாத்து முடிவு சொல்லவும் கூடாது. ஆனா இந்தக் கண்ணப் பாருங்க. கருவிழி கீழ எறங்கி, மேல வெள்ள தெரியுது. பொழுது சாயுற மாதிரி. இத ஒரு குழந்தை டாக்டர் பாத்தே ஆகணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சண்டை போட்டாவது கூட்டிட்டுப் போங்க."

சுரேஷ்கண்ணன் போன் போட்டான், ஈஸ்வரபாண்டி எடுக்கவில்லை. மகாலட்சுமி எடுத்து, "அவரு ஒத்துக்க மாட்றாருண்ணே" என்று அழுதாள். பவானி சாப்பாட்டில் கை வைத்தால் பலகையில் சுற்றிச் சுற்றி நின்ற குட்டிகள்தான் கண்முன் வந்தன.

ஒரு வாரம் சென்றிருக்கும். பவானி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம், வாசலில் பைக் நின்றது. ஈஸ்வரபாண்டி. பின்னால் மகாலட்சுமி, மடியில் பிள்ளை. அவன் கண் சிவந்திருந்தது. கையில் ஒரு நீலத் தொப்பி. மொட்டைத் தலைக்கு வெயில் ஆகாதென்று கோயில் கடையில் வாங்கிப் போட்டது.

"தங்கச்சி" என்றான். தொப்பியை நீட்டினான். "தொப்பி பத்தல."

"அண்ணே?"

"அன்னைக்கு வாங்கையில தளதளன்னு இருந்துச்சு. காதுவரைக்கும் எறங்குச்சு. இன்னைக்குப் போட்டா ஏற மாட்டேங்குது. தொப்பி சுருங்குமா தங்கச்சி? நனைக்கக்கூட இல்ல."

பவானி பிள்ளையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். "வண்டிய எடுங்க" என்றாள் கணவனிடம்.

தேனி பெரியாஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டர் டேப்பைச் சுற்றித் தலையை அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். உடனே ஸ்கேன் அறைக்கு அனுப்பினார். உச்சிக்குழியில் களிம்பு தடவி, கருவியை வைத்ததும் திரை விழித்துக்கொண்டது.

பவானி மகாலட்சுமியின் தோளைப் பிடித்தபடி பின்னால் நின்று பார்த்தாள். கறுப்பு. இரண்டு பக்கமும் சிறகு விரித்த கறுப்பு. ஓரத்தில் சாம்பல் கோடு. கையடக்க எலிக்குட்டியின் தலைக்குள் அவள் பார்த்த அதே சிறகு, அதே வளைவு, அதே இடத்தில் மெலிந்த அதே கோடு. அவளுக்குத் துக்கமும் பயமும் இருந்தன. அவற்றையெல்லாம் தாண்டி வேறொன்றும் இருந்தது. உமிக்குள் கிடக்கிற குட்டியையும் இந்தத் தாய் மடியில் கிடக்கிற பிள்ளையையும் ஒரே கைதான் வரைந்திருக்கிறது; அளவை மாற்றியதே தவிரக் கோட்டை மாற்றவில்லை.

ஈஸ்வரபாண்டி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான். "தங்கச்சி, எலிக்கும் இப்படித்தான் தெரியுமா?"

"இப்படியேதாண்ணே."

"அதுக பொழைக்குமா?"

"சீக்கிரம் தண்ணிய எடுத்தா எந்திரிச்சு நடக்கும். நான் கண்ணால பாத்திருக்கேன்."

அன்றே மதுரைக்கு அனுப்பினார்கள்.

மதுரை ஆஸ்பத்திரியில் அறுவை செய்கிற டாக்டர், தலையிலிருந்து தோலுக்கு அடியிலேயே வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போகும் என்று படம் வரைந்து சொன்னார். "வாய்க்கா அடைச்சிருக்கு. பக்கத்துல வேற வாய்க்கா வெட்டி விடுறோம். அவ்வளவுதான்." நடுவில் ஒரு சின்ன அடைப்பான், தண்ணீர் அளவாகத்தான் இறங்கும்.

வாழைக்கு நீர் கட்டிப் பழகிய ஈஸ்வரபாண்டிக்கு அது சட்டென்று பிடிபட்டது. "மடை வைக்கிறீங்க" என்றான்.

"ஆமா. மடைதான்."

"வயித்துக்குப் போற தண்ணி எங்கன போகும் சார்?" என்று கேட்டாள் மகாலட்சுமி.

"உடம்பே உறிஞ்சிக்கும்மா."

கதவு மூடியிருந்த நேரமெல்லாம் மகாலட்சுமி பவானியின் கையை விடவில்லை. "சொல்லுங்க மதினி, அந்தக் குட்டிக எப்படி நடந்துச்சுக?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பவானியும் திரும்பத் திரும்பச் சொன்னாள்: பலகை எவ்வளவு அகலம், எந்தக் குட்டி முந்தும், எது பாதியில் நின்று மீசையைத் துடைத்துக்கொள்ளும் என்றெல்லாம். மகாலட்சுமிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. கடைசிநாள் கதையை மட்டும் பவானி சொல்லவில்லை.

மறுநாள் பிள்ளை கண் விழித்தபோது தலையில் கட்டு. உச்சிக்குழி தாழ்ந்து மெத்தென்று இருந்தது. மகாலட்சுமி குனிந்து "விஷாலு" என்றாள். பிள்ளையின் கருவிழிகள் மெல்ல மேலேறின. இத்தனை நாள் பாதி அமிழ்ந்து கிடந்தவை, மேலே வந்து, அவள் முகத்தில் நேராக நின்றன. அவளையே பார்த்தன. அந்தப் பார்வை வந்து சேர்ந்த வேகத்தில் மகாலட்சுமி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பாக்குறான் மதினி. என்னயப் பாக்குறான்."

ஈஸ்வரபாண்டி வராந்தாவுக்குப் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று அழுதான்.

ஊர் திரும்பிய பிறகு அவனுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. ஒருநாள் அரை மூட்டை நிலக்கடலையோடு ஆராய்ச்சி நிலையத்து வாசலில் வந்து நின்றான். "எலிகளுக்குத்தான். நம்ம காட்டுக் கடலை. பூச்சிமருந்தே அடிக்கல." வெளித்தீனி எதையும் உள்ளே விடமாட்டார்கள் என்று பவானி சொன்னதும் அவன் முகம் விழுந்துவிட்டது. ஜெபஷீலா வெளியே வந்து, "எலிக்குத்தான் கூடாது. எங்களுக்குக் குடுக்கலாம்ல?" என்று கேட்கவும்தான் மூட்டையை இறக்கினான்.

அவரிடம் அவன் கேட்டான். "எம்பிள்ளைக்கு வச்ச குழாயக் கண்டுபிடிச்சது நீங்களா மேடம்?"

"இல்லைங்க. அது நான் பொறக்குறதுக்கு முந்தியே வந்தது. ஆனா எப்ப வைக்கணும், வச்சா மூளை எவ்வளவு தேறும், சில பிள்ளைக்கு ஏன் தேறல, இதெல்லாம் இன்னும் முழுசாத் தெரியாது. அதத்தான் தேடுறோம். குழாயே வைக்காம அந்த வாய்க்காலத் தெறக்க முடியுமான்னும்."

"முடியுமா?"

"தெரியல" என்றார் ஜெபஷீலா. தெரியாததை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் ஒருவரை ஈஸ்வரபாண்டி அதுவரை பார்த்ததில்லை. வீட்டுக்குப் போய் மகாலட்சுமியிடம் அதைத்தான் முதலில் சொன்னானாம்.

விஷால் தாமதமாகத்தான் உட்கார்ந்தான், தாமதமாகத்தான் நடந்தான். இடதுகாலை லேசாக இழுப்பான். காய்ச்சல் வந்தாலோ வாந்தி எடுத்தாலோ குழாய் அடைத்துக்கொண்டதோ என்று குடும்பமே பதறும்; ஒருமுறை அடைத்தும் விட்டது, மதுரைக்கு ஓடி மாற்றி வந்தார்கள். அந்தப் பயம் இனி கூடவே வரும் என்று மகாலட்சுமி புரிந்துகொண்டாள். ஆனால் அவன் பேசினான். வாய் ஓயாமல் பேசினான்.

நிலையத்தில் பொதுமக்களைப் பார்க்கவிடும் நாள் ஒன்று வந்தது. பவானி மகாலட்சுமியையும் பிள்ளையையும் வரச் சொன்னாள். எலிக்கூடத்துக்குள் விடமாட்டார்கள், நடையிலிருந்து ஒரு கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். அந்தப் பக்கம் ஒரு பெட்டியில் தாய் எலி இருந்தது. குட்டிகள் உமியில் சிதறிக் கிடந்தன. அவற்றில் ஒன்றுக்குத் தலை எழும்பியிருந்தது.

மகாலட்சுமி கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தாள். விஷால் ஒவ்வொன்றாகக் கைகாட்டி ஏதோ பெயர் வைத்துக்கொண்டிருந்தான்.

"எம்பிள்ளை நோவக் காட்டிக்குடுத்த எலி இதுல எது மதினி?"

பவானிக்கு இந்தமுறை மறைக்கத் தோன்றவில்லை. "அதுக இப்ப இல்ல மகா. எல்லாம் முடிஞ்சிருச்சு. எங்கையிலதான் முடிஞ்சுது."

மகாலட்சுமி திரும்பி அவள் கைகளைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். உள்ளே தாய் எலி எழுந்து, சிதறிக் கிடந்த குட்டிகளை வாயில் கவ்விக் கவ்வி ஒரு மூலையில் சேர்க்க ஆரம்பித்தது. தலை பெருத்ததைக் கவ்வத்தான் அதற்குச் சிரமமாக இருந்தது. கீழே வைத்து, வேறு இடத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி வைத்து, கடைசியில் முதுகுத்தோலைப் பற்றித் தூக்கிக்கொண்டு போயிற்று.

"அதையும் விட மாட்டேங்குது பாருங்க" என்றாள் மகாலட்சுமி மெதுவாக.

"விடாது. ஒருநாளும் விட்டதில்ல."

நடையில் அடுத்த கூட்டம் வந்து நெருக்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், வாத்தியார்கள். மகாலட்சுமி நகரவில்லை. பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "இன்னும் செத்த நேரம் நிக்கட்டுமா மதினி?" என்று கேட்டாள்.

"நில்லு" என்றாள் பவானி. தானும் பக்கத்தில் நின்றுகொண்டாள்.